அளவுக்கு ஓர் ஆள்

"ஆள் இருந்தா குளிர் போயிரும்" என்பார் அவர். குளிர்காலத்தை மட்டுமே வரைந்த மனிதர். உங்கள் படங்களில் ஏன் ஒரு ஆள்கூட இல்லை என்று யார் கேட்டாலும் இதுதான் பதில். மேற்கொண்டு விளக்கம் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

இதைச் சொல்லும்போது அவர் தலையில் குரங்குக் குல்லா இருக்கும். கழுத்தில் மஃப்ளர், அதற்கு மேல் ஒரு சால்வை. கல்கத்தா குளிர் ஒன்றும் ஆளைக் கொல்கிற குளிர் இல்லை. ஒரு ஸ்வெட்டர் போட்டால் தாங்கிவிடும். ஆனால் வங்காளிகளுக்கு நடுவில் முப்பது வருடம் இருந்ததில் அவர்களுடைய பயம் இவருக்கும் தொற்றிவிட்டது. தலையை மூடாமல் யார் வெளியே வந்தாலும் "தண்டா லேகே ஜாபே", சளி பிடிச்சிரும், என்று வங்காளியிலேயே அதட்டுவார். என்னைப் பார்த்தும் அப்படித்தான் சொல்வார். பேசுவது தமிழ்ப் பெண்ணிடம் என்பதே அவருக்கு அப்போது நினைவிருக்காது.

லேக் கார்டன்ஸில் நானும் அம்மாவும் கீழ்வீட்டில் இருந்தோம். மாடியில் அவரும் அவர் மனைவியும். உறவு ஒன்றும் இல்லை, தெருவில் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இரண்டு வீடுதான் என்பதால் மாமா, அத்தை. அவர் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் நிலப்படம் வரைகிறவராக இருந்து ஓய்வு பெற்றவர். என் அப்பா துறைமுகத்தில் வேலை பார்க்கும்போதே காலமாகிவிட்டார். நான் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது.

நவம்பர் முடியும்போது மாமாவுக்கு உயிர் வரும். விடிந்ததும் ஒரு மடக்கு ஸ்டூல், ஒரு ஹார்ட்போர்டு பலகை, பெயிண்ட் பெட்டி இவற்றோடு ஏரிக்கரைக்குப் போய்விடுவார். பனி விலகி எதிர்க்கரை தெளிவாகத் தெரிகிற நேரத்தில் பெட்டியை மூடிவிட்டு வந்துவிடுவார். வெயில் வந்த பிறகு ஒரு கோடு போடமாட்டார். வீட்டில் உட்கார்ந்து ஞாபகத்திலிருந்து வரைவதும் கிடையாது. பிப்ரவரியில் என்றைக்கு அத்தை ஃபேன் போடுகிறாளோ அன்றோடு அந்த வருடத்துக் கடை மூடியாயிற்று. மிச்ச ஒன்பது மாதம் பலகைகளை அளந்து அறுப்பார். வெள்ளை பூசி மொட்டைமாடியில் காயவைப்பார். மே மாதத்தில் அவரைப் பார்த்தால் எனக்கே பாவமாக இருக்கும். ஆபீசும் இல்லை, குளிரும் இல்லை, மனிதர் எங்கேதான் போவார்?

ஆனால் ஆள் வேண்டாம் என்கிற இவர், ஒவ்வொரு படத்தையும் ஒரு ஆளை வைத்துத்தான் ஆரம்பிப்பார். அதுதான் வேடிக்கை. நடக்க வந்தவர், நாயைக் கூட்டிக்கொண்டு வந்தவர், ஜால்முரி என்கிற காரப்பொரி விற்கிறவர், யாராவது ஒருவரை மரத்தடியில் நிற்கச் சொல்வார். ஆளை முதலில் வரைந்துகொண்டு, அந்த ஆளைக் கொண்டு மரத்தின் உயரம், கரையின் அகலம், தண்ணீரின் தூரம் எல்லாவற்றையும் கணக்குப் பண்ணுவார்.

"மேப்புல ஓரத்துல ஒரு கோடு போட்டு, ஒரு அங்குலம் இத்தனை மைல்னு எழுதியிருப்போம்ல, அது மாதிரிம்மா. அளவுக்கு ஒரு ஆள். அளவு கெடச்சிருச்சுன்னா அப்புறம் அவர் எதுக்கு?" என்று ஒருமுறை எனக்கு விளக்கினார்.

அந்த ஆள் நன்றாகக் காயும்வரை இரண்டு வாரம் பொறுப்பார். பிறகு சாம்பல் கலந்த வெள்ளையை எடுத்து, கால் பக்கமிருந்து மேலே மேலே பனியைப் பூசி ஆளை மூடிவிடுவார்.

நின்றவர்களுக்கு இது தெரியாது. தங்கள் உருவத்தை ஒருவர் வரைகிறார் என்ற பெருமையோடு அசையாமல் நிற்பார்கள். ஓய்வு பெற்ற ஹெட்மாஸ்டர் ஒருவர், வங்காளி, மூன்று நாள் கைத்தடியோடு நின்றார். மாதக் கடைசியில் தன் மனைவியையும் மருமகளையும் கூட்டிக்கொண்டு படத்தைப் பார்க்க வந்தார். பார்த்தால் மரம் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, ஹெட்மாஸ்டர் இல்லை. "ஆமி கோத்தாய்?" என்றார். நான் எங்கே என்று கேட்கிறார். மாமா தூரிகையால் பனியைக் காட்டி, இதற்குள்ளே பத்திரமாக இருக்கிறீர்கள் என்றார். ஹெட்மாஸ்டர் கைத்தடியை ஓங்கிவிட்டார். மருமகள்தான் இழுத்துக்கொண்டு போனாள். மாமாவுக்கு அவர் ஏன் கோபித்துக்கொண்டார் என்பதே கடைசிவரை விளங்கவில்லை.

அவர்கள் வீட்டுக்குப் போனால் நான்கு சுவரிலும் பனி. ஒரு படத்தில் பாலம், ஒரு படத்தில் படகுத்துறை, எதிலும் ஒரு மனிதர் கிடையாது. அத்தை நல்ல வாயாடி. "கல்யாணமான புதுசுல என்னையும் நிக்க வச்சு ஏழெட்டு வரைஞ்சாரு. இப்ப நான் எந்தப் பனிக்குள்ள நிக்கிறேன்னு அவருக்கே தெரியாது" என்பாள். நான் சிரிப்பேன். அவளும் சிரிப்பாள். பிறகு அந்தச் சுவரில் ஒவ்வொரு படமாகப் பார்ப்பாள்.

தமிழ்ச் சங்க விழாவில் ஒரு தடவை படங்களை வரிசையாக மாட்டினார்கள். பெரிய துணிக்கடைக்காரர் ஒருவருக்கு ஒரு படம் ரொம்பப் பிடித்துவிட்டது. மரத்தடியில் ஒரு ஆணும் பெண்ணும் உட்கார்ந்திருக்கிற மாதிரி போட்டுக் கொடுத்தால் எடுத்துக்கொள்கிறேன் என்றார். மாமா படத்தைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். ஜோடி வேண்டுமென்றால் சினிமா போஸ்டரை மாட்டிக்கொள்ளட்டுமே என்று நாலு நாள் பொருமிக்கொண்டிருந்தார்.

என் அம்மாவுக்குக் குளிர் ஆகாது. டிசம்பர் வந்தால் இழுப்பு வந்துவிடும். பனியும் தெருவோரக் கரி அடுப்புகளின் புகையும் சேர்ந்து நெஞ்சில் உட்கார்ந்துகொள்ளும். ஆனால் டாக்டர் நடக்கச் சொன்னார் என்பதற்காக, கொஞ்சம் வெளிச்சம் வந்த பிறகு ஏரிக்கரை வரை போவாள். பத்தடி நடப்பாள், பெஞ்சில் உட்கார்ந்துவிடுவாள். மூச்சு சரியாகும்வரை ஆடமாட்டாள், அசையமாட்டாள்.

மாமா இதைக் கவனித்துவிட்டார். "தங்கச்சி, அப்படியே இருக்கியா, ஒரு அளவு எடுத்துக்கிறேன்" என்றாராம்.

அம்மா சரி என்றுவிட்டாள். இதைக் கேட்டு எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. அம்மாவுக்குக் காமிரா என்றால் ஆகாது. க்ளிக் என்று சத்தம் கேட்பதற்கும் அவள் தலை திரும்புவதற்கும் சரியாக இருக்கும். கல்யாணப் படத்தில் மாலைக்குள் தலையைக் குனிந்திருப்பாள். இருந்த நாலைந்து படங்களும் ஒரு மழைக்காலத்தில் கீழ்வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தபோது ஆல்பத்தோடு ஊறி, ஒன்றோடொன்று ஒட்டி, பிரித்தால் உரிந்து வந்துவிட்டன. அப்படிப்பட்டவள் மாமாவுக்காகப் பதினைந்து நாள் காலையில் போய் உட்கார்ந்தாள். லேக் மார்க்கெட்டில் வாங்கிய தூளில் காபி போட்டு ஃப்ளாஸ்க்கில் எடுத்துப் போய் அவருக்கும் கொடுத்தாள்.

"ஏம்மா, இவருக்கு மட்டும் எப்படி ஒத்துக்கிட்ட?" என்று கேட்டேன்.

"சும்மா உக்காந்திருன்னு இதுவரைக்கும் யாருடி எங்கிட்ட சொல்லியிருக்கா?" என்றாள்.

இந்த ஒரு படத்திலாவது மாமா மனம் மாறுவார் என்று நான் நம்பினேன். அவ்வளவு ஆசையாக வரைந்தார். மாடிப்படியில் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "உங்கம்மா மாதிரி ஒரு அளவு எனக்குக் கெடச்சதே இல்ல, நூல் பிடிச்ச மாதிரி உக்காந்திருக்கு" என்பார். பிப்ரவரியில் படத்தைப் பார்க்கப் போனோம். ஏரி இருந்தது, சாய்ந்த மரம் இருந்தது, பெஞ்சின் ஒரு கால் இருந்தது. அம்மா இருந்த இடத்தில் பனி.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அம்மாவோ சிரித்துவிட்டாள். "நல்லதாப் போச்சுண்ணே. மூச்சு வாங்குற மூஞ்சிய யாரு பாக்கணும்?" என்றாள். நான் கோடை முழுக்க அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்த மாதிரியும் தெரியவில்லை.

அடுத்த ஜனவரியில் அம்மா போய்விட்டாள். ஆஸ்பத்திரியில் நான்கு நாள் இருந்தாள். கடைசி இரண்டு நாள் பேச்சில்லை, ஆக்சிஜன் மாஸ்க் முகத்தில் பாதியை மறைத்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் தெரியாத பனி. அந்தப் பனியை நான் மனதாரச் சபித்தேன்.

பதினாறாம் நாளுக்குப் படம் வைக்க வேண்டும். வாக்காளர் அட்டை ஒன்றுதான் இருந்தது. அதில் எல்லோருமே போலீஸ் தேடுகிற ஆள் மாதிரி இருப்பார்கள். அம்மாவோ அதிலும் தலையைத் திருப்பிக் கண்ணை மூடிவிட்டாள். ஸ்டூடியோக்காரர் அதைப் பெரிதாக்கிக் கொடுத்தார். கறுப்புப் புள்ளிகளாக ஏதோ ஒன்று வந்தது. அதைப் பார்த்ததும்தான் எனக்கு அழுகை வந்தது. ஆஸ்பத்திரியில்கூட நான் அப்படி அழவில்லை.

அப்போதுதான் மாடியில் இருக்கும் பலகை நினைவுக்கு வந்தது. படியேறிப் போய், "மாமா, எங்கம்மாவை வெளியே எடுத்துக் குடுங்க" என்றேன்.

அவர் எழுந்து நின்றார். அவரை அப்படிக் கலங்கிப் பார்த்ததில்லை. "உள்ளதான்மா இருக்கு. நான் யாரையும் அழிக்கிறதில்ல, மூடத்தான் செய்வேன். எடுத்துரலாம்" என்றார்.

நிலப்பட ஆபீசில் தப்பாக விழுந்த மைக்கோட்டைப் பாதி பிளேடால் சுரண்டி எடுப்பார்களாம், அடியில் தாள் கிழியாமல். அந்த வேலையில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்று அத்தை சொன்னாள். ஒரு பிளேடை இரண்டாக ஒடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் ஆபீஸ் விட்டு வந்ததும் மாடிக்குப் போய்ப் பக்கத்தில் உட்காருவேன். ஒரு மாலைக்கு இரண்டு விரல் அகலம் பனி விலகும். முதலில் செருப்பு வந்தது. பிறகு புடவைக் கரை, அரக்கும் பச்சையும். அந்தப் புடவையை ஆஸ்பத்திரியிலிருந்து நான்தான் மடித்து எடுத்து வந்திருந்தேன். பிறகு ஃப்ளாஸ்க் மூடியைப் பிடித்திருந்த கை. அம்மாவின் கையேதான். சுண்டுவிரல் கொஞ்சம் விலகி நிற்கும், அதுவும் அப்படியே இருந்தது. நான் மாமாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அத்தை காபி போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அவளும் உட்கார்ந்து பார்த்தாள்.

சால்வை வந்தது. தோள் வந்தது. முகத்துக்கு வருவதற்குள் ஒன்பது நாள் ஆகிவிட்டது. அன்றைக்குப் புது பிளேடு போட்டார். பனியை மெல்ல மெல்ல நீக்கினார். காதோரம் சால்வை மடிப்பு வந்தது. அதற்குள் மாநிறத்தில் ஒரே தீற்றல். இன்னும் கொஞ்சம் சுரண்டினார். அதே நிறம்தான். கண் இல்லை, மூக்கு இல்லை, ஒன்றும் இல்லை. அளவுக்கு வைத்த ஆளுக்கு முகம் எதற்கு?

மாமா பிளேடைக் கீழே வைத்தார். "போட்டிருக்கேன்னுதாம்மா நெனச்சேன்" என்றார். "பதினஞ்சு நாளு பாத்தேனே. போடாம எப்படி இருந்திருப்பேன்?"

அவர் பொய் சொல்லவில்லை. தான் வரைந்திருப்பதாக அவர் சத்தியமாக நம்பியிருந்தார். சரி, இப்போதாவது ஞாபகத்திலிருந்து போடுங்கள் என்றேன். தூரிகையை எடுத்தார். சாயத்தைத் தொட்டார், துடைத்தார், மறுபடி தொட்டார்.

"நின்னா நாலடி பத்து. உக்காந்தா பெஞ்சுலேருந்து உச்சந்தலைக்கு முப்பது அங்குலம், கொண்டையோட முப்பதரை. அந்த மரத்துல எட்டுல ஒரு பங்கு" என்றார். வேறொன்றும் அவருக்கு வரவில்லை.

சொல்லு, நீ சொல்லச் சொல்லப் போடுகிறேன் என்றார். நான் சொல்ல ஆரம்பித்தேன். அகன்ற நெற்றி. மூக்குத்தி இடது பக்கம். அதற்கு மேல் எனக்கும் தடுமாறியது. கூடவே இருந்த முகத்தை எப்படி வார்த்தையில் சொல்வது? புருவம் அடர்த்தியா என்று கேட்டால் அம்மா என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்துவது நினைவிருக்கிறது, புருவம் நினைவில்லை.

அவர் போட்ட முதல் முகம் யாரோ ஒரு டீச்சர் மாதிரி இருந்தது. இல்லை மாமா என்றேன். சுரண்டினார். அடுத்தது அத்தையின் சாயலில் வந்தது. அதையும் சுரண்டினார். பதினாறாம் நாளுக்கு அந்தக் கறுப்புப் புள்ளிப் படத்தையே வைத்தோம். அந்த வருடக் குளிர் முடிந்தது. அடுத்த நவம்பரில் மறுபடி ஆரம்பித்தார். ஏரிக்கரைக்குப் போகவில்லை. வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து ஒரு முகத்தைப் போடுவார், பலகையை எடுத்துக்கொண்டு படியிறங்கி வருவார். "இப்ப பாரும்மா, இப்ப சரியா இருக்கா?" என்பார். இருக்காது. ஒவ்வொன்றும் முந்தியதைவிட விலகிப் போனது. நான் இல்லையென்று தலையை ஆட்டியதும் பலகையோடு மேலே ஏறிப் போவார். கதவைச் சாத்தியதும் பிளேடு சுரண்டும் சத்தம் கீழே கேட்கும். இப்படியே நான்கு குளிர்காலம்.

நான்காவது வருடம் அத்தை இறங்கி வந்தாள். எப்போதும் வாய் ஓயாதவள், வாசலிலேயே நின்றாள். "ஏரிக்குப் போயி நாலு வருஷமாச்சு. சாப்பிடும்போதும் அந்தப் பலகை பக்கத்துல இருக்கு. போற வர்றவங்க மூக்கையும் வாயையும் உத்து உத்துப் பாக்குறாரு, ஜனங்க சண்டைக்கு வர்றாங்க. ஒரே ஒரு வார்த்தை சொல்லிரும்மா, சரியா இருக்குன்னு. அந்த மனுசன் பொழச்சுக்கிருவாரு" என்றாள்.

அடுத்த தடவை அவர் பலகையோடு வந்தபோது நான் உற்றுப் பார்த்தேன். அகன்ற நெற்றி, இடது பக்கம் மூக்குத்தி, யாரோ ஒரு பெண். அம்மாவின் சால்வையைப் போர்த்திக்கொண்டு அம்மாவின் கையோடு உட்கார்ந்திருந்தாள்.

"அம்மாதான் மாமா" என்றேன்.

"நெசமாவா?"

"ஆமா. அப்படியே இருக்கு."

அவர் குல்லாவைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பலகையை என் கையில் கொடுத்துவிட்டு, பெரிய பாரம் இறங்கிய மாதிரி படியேறிப் போனார். மறுநாள் விடிந்ததும் மடக்கு ஸ்டூலோடு ஏரிக்குப் போவதை ஜன்னலில் பார்த்தேன். அத்தை மேலேயிருந்து என்னைப் பார்த்துக் கும்பிட்டாள்.

ஆனால் பலகை வெறுமையாகவே திரும்பி வந்தது. அடுத்த நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் நானே கேட்டேன். "மொதல்ல ஒரு ஆளை நிக்கச் சொல்லணும்லம்மா. யாரையும் நிக்கச் சொல்ல மனசு வரல" என்றார். ஆள் இல்லாமல் அளவு வராது, அளவு இல்லாமல் மரம் வராது. அதன் பிறகு அவர் எதையும் வரையவில்லை. இரண்டு வருடம் கழித்து மகன் வந்து இருவரையும் சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போனான். படங்களை லாரியில் ஏற்ற இடமில்லை என்று மொட்டைமாடி அறையிலேயே விட்டுப் போனார்கள். வீட்டை இடித்தபோது அவை எங்கே போயின என்று தெரியவில்லை. அத்தை எந்தப் பனிக்குள் நின்றாளோ, அதுவும் அவற்றோடு போயிருக்கும். சென்னையில் ஒரு ஏப்ரல் மாதம் அவர் இறந்துபோனதாக அத்தை ஃபோனில் சொன்னாள். ஃபேன் முழு வேகத்தில் ஓடியும் வியர்த்துக்கொண்டே போனாராம்.

நான் கல்யாணமாகி இப்போது கல்கத்தாவிலேயே நியூ டவுனில் பதினோராவது மாடியில் இருக்கிறேன். அந்தப் பலகை கூடத்தில் மாட்டியிருக்கிறது. அவர் இருந்தவரை அதைக் கழற்ற எனக்குத் தைரியம் வரவில்லை. திடீரென்று வந்து நின்றால் என்ன செய்வது என்ற பயம். அவர் போன பிறகு கழற்றியிருக்கலாம். ஆனால் அந்தக் கை அம்மாவுடையது. அந்தப் புடவைக் கரை அம்மாவுடையது. எதை வைத்துக்கொண்டு எதைத் தூக்கிப் போடுவது?

முதலில் சில வருடங்கள் அந்த முகத்தைப் பார்க்கும்போதெல்லாம், இது இல்லை என்று சொல்லிக்கொண்டு, கண்ணை மூடி அம்மாவைத் தேடுவேன். கொஞ்சம் சிரமப்பட்டால் கிடைப்பாள். பிறகு சிரமம் கூடியது. இப்போது கண்ணை மூடினால் அந்தப் பெண்தான் வருகிறாள். அடுப்படியில் நிற்பவள், ஆஸ்பத்திரிக் கட்டிலில் மாஸ்க்கோடு கிடப்பவள், புருவத்தை உயர்த்தி என்னைப் பார்ப்பவள் எல்லாம் அவளே. சுரண்டிப் பார்க்கலாம் என்றால் அடியில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வருகிறவர்கள் இது யார் என்று கேட்டால் என் மகள் முந்திக்கொள்வாள். அவளுக்குத் தமிழைவிட வங்காளிதான் சரளம். "மாயேர் மா" என்பாள், அம்மாவோட அம்மா. அசல் அப்படியே உங்களைப் போலவே இருக்கிறார்களே என்பார்கள் அவர்கள், என்னைப் பார்த்து. நான் சிரித்துவைப்பேன்.

ஜனவரியில் எங்கள் ஜன்னலுக்கு வெளியே விடிந்து வெகுநேரம்வரை ஒன்றும் தெரியாது. எதிர்க் கட்டடம்கூட இருக்காது. காபியை வைத்துக்கொண்டு அந்தப் பலகைக்கு எதிரே உட்கார்ந்திருப்பேன், ஸ்வெட்டரும் சால்வையும் போட்டுக்கொண்டு. படத்தில் ஆள் இருக்கிறாள் மாமா. குளிர் போகவில்லை.